கொட்டுப் பருத்தியும் ஒரு பூச்சியின் வாசனையும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள். கடைசியில் என் தவறு ஒன்றையும் சொல்லப் போகிறேன். 34 வருஷம் அறிவியல் வாத்தியாராக இருந்தவன் செய்யக் கூடாத தவறு அது.

போன வாரம் மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போயிருந்தேன். என்னிடம் படித்த ஒரு தம்பி பருத்தி போட்டிருக்கிறார். "ஏலத்தைப் பாக்க வாங்க சார்" என்று கூப்பிட்டார். வெள்ளை வெளேரென்று மூட்டைகள் வரிசையாக இருந்தன. ஓரமாகத் தனியே நாலைந்து மூட்டைகள். கொட்டுப் பருத்தி. நல்ல பருத்திக்குப் போன விலையில் பாதிகூட அதற்குப் போகவில்லை.

ஒரு கைப்பிடி எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். மஞ்சள் கறை. சுளை விரியாமல் கட்டியாக இருந்தது. உள்ளே இரண்டு விதை ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. ஒட்டின விதையைப் பிளந்தால் நடுவில் குடைந்த கூடு. பார்த்ததும் எனக்கு எங்கள் அப்பாவின் காடு ஞாபகம் வந்துவிட்டது. இது இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் வேலை. அன்றைக்கு அதை நான் கண்டுகொள்ளவில்லை. அதைக் கண்டுகொள்ள வழி இருந்தது. அந்த வழி ஒரு வாசனை.

அந்த வாசனையின் வரலாற்றைத்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

இந்தப் புழுவுக்கு அறிவியல் பெயர் வைக்கப்பட்டது நம் நாட்டுப் பருத்தியை வைத்துத்தான். குஜராத்தில் பரூச் என்ற ஊர் பருத்திக்குப் பேர் போனது. 1842ல் அங்கே பருத்தியை நாசம் செய்த பூச்சியை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். சாண்டர்ஸ் என்ற பூச்சியியலாளர் 1843ல் அதை விவரித்துப் பெயர் வைத்தார்.

அடுத்து அது உலகம் சுற்றக் கிளம்பியது. பறந்து போகவில்லை, விதைக்குள் உட்கார்ந்து கப்பலில் போனது. 1906, 1907 வாக்கில் இந்தியாவிலிருந்து போன பருத்தி விதையோடு எகிப்துக்குள் நுழைந்தது. எகிப்திலிருந்து 1911ல் மெக்சிகோ. 1917ல் அமெரிக்காவின் டெக்சாஸ். ஒட்டின இரண்டு விதைக்கு நடுவே புழு மாதக்கணக்கில் தூங்கும் என்பது அப்போது மூட்டை ஏற்றியவர்களுக்குத் தெரியாது.

நம் பக்கமும் அதே நிலைதான். அப்போது திருப்பூர் கோவை ஜில்லாவில் ஒரு ஊர். பனியன் கம்பெனிகள் வருவதற்கு முன்பே இது பஞ்சு ஊர். பருத்தி அரைக்கும் ஜின்னிங் பேக்டரிகளும் பஞ்சு வியாபாரமும் இருந்ததால்தான் பின்னால் 1920களில் பனியன் பின்னுவதற்கு இங்கே கால் ஊன்ற முடிந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி வந்தது. நம்ம கருங்கண்ணியைவிட இழை நீளம், விளைச்சலும் அதிகம். ஆனால் எடுப்பு முடிந்த பிறகும் செடியைப் பிடுங்காமல் விட்டால் திரும்பத் துளிர்த்துக் காய்க்கும். ஆசைப்பட்டு விட்டார்கள். பூச்சிக்கு வருஷம் முழுவதும் சாப்பாடு கிடைத்தது.

1919ல் சென்னை மாகாண அரசு வேளாண் பூச்சி, நோய்ச் சட்டம் கொண்டுவந்தது. அதன்கீழ் நம் ஜில்லாவில் கம்போடியாப் பருத்திச் செடியைக் குறித்த தேதிக்குள் பிடுங்கிவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். பருத்திமாரைப் பிடுங்கி அடுப்பெரிக்கும் வழக்கம் நம் கிராமங்களில் இருந்ததே, அதற்குப் பின்னால் விறகுத் தேவை மட்டும் இல்லை, சட்டமும் இருந்தது. பூச்சியின் உணவை நிறுத்திப் பட்டினி போடுவது நல்ல யோசனைதான், இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் பூச்சி எப்போது வருகிறது, எத்தனை வருகிறது என்று தெரிந்துகொள்ள அன்றைக்கு வழி கிடையாது.

ஏன் தெரியாது? அந்தப் பூச்சி ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. மண் நிறம். பகலில் செடிக்கடியில் ஒளிந்துகொள்ளும், இரவில்தான் நடமாட்டம். காயின் மேல் முட்டையிடும். புழு பொரிந்ததும் காய்க்குள் போய்விடும். போன ஓட்டையும் மூடிக்கொள்ளும். வெளியே காய் பச்சைப்பசேல் என்று இருக்கும். வெடிக்கும்போதுதான் விஷயம் தெரியும். அப்போது என்ன மருந்து அடித்தாலும் பிரயோஜனம் இல்லை.

இரவில் இத்தனை பெரிய காட்டில் இந்தச் சின்னப் பூச்சிகளில் ஆணும் பெண்ணும் எப்படிச் சந்தித்துக்கொள்கின்றன? இந்தக் கேள்வியைப் பிரான்சில் ஒரு கிராமத்தில் ஒருவர் கேட்டார். அவரும் ஒரு வாத்தியார்தான். ழான் ஆன்ரி ஃபாப்ர்.

ஒரு மே மாதக் காலையில் அவர் வீட்டில் ஒரு பெரிய அந்துப்பூச்சி கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. பெண் பூச்சி. அதை ஒரு கம்பிவலைக் கூண்டில் மூடி வைத்தார். அன்றிரவு வீடு முழுக்க ஆண் பூச்சிகள். நாற்பது இருக்கும் என்று எழுதியிருக்கிறார். அவ்வளவும் இருட்டில் மரங்களுக்கிடையே எங்கெங்கிருந்தோ வந்தவை. வாசனையாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு அந்துருண்டையைச் சுற்றிலும் வைத்துப் பார்த்தார். அந்த நெடியையும் மீறி வந்தன. பின்னால் வேறொரு அந்துப்பூச்சியை வைத்துச் சோதித்தபோது விடை கிடைத்தது. பெண்ணைக் கண்ணாடிக் குடுவைக்குள் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார். அது முன்பு உட்கார்ந்திருந்த குச்சியைத் தள்ளி வைத்தார். வந்த ஆண் பூச்சிகள் கண்ணெதிரே இருந்த பெண்ணைத் திரும்பிப் பார்க்காமல் குச்சிக்குப் போய் மொய்த்தன. அவை கண்ணால் தேடி வரவில்லை.

சரி, வாசனை. ஆனால் என்ன வாசனை? நம் மூக்குக்குத் தெரியாத ஒன்றை எப்படிப் பிடிப்பது? இங்கேதான் நம் தொழில் உள்ளே வருகிறது. விடை பட்டிலிருந்து வந்தது.

அடால்ஃப் பூட்டனான்ட் என்ற ஜெர்மானிய வேதியியலாளர். மனித உடலின் பால் ஹார்மோன்கள் பற்றிய ஆய்வுக்காக 1939ல் நோபல் பரிசு பெற்றவர். அவர் பட்டுப்பூச்சியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. காட்டில் ஐந்தாறு பூச்சிகளைப் பிடித்து இந்த ஆராய்ச்சி செய்ய முடியாது, லட்சக்கணக்கில் வேண்டும். உலகத்திலேயே அப்படி லட்சக்கணக்கில், வேண்டும்போது கிடைக்கும் அந்துப்பூச்சி பட்டுப்பூச்சி ஒன்றுதான். துணிக்காக மனிதன் ஆயிரக்கணக்கான வருஷமாக வளர்த்து வருகிறான் அல்லவா?

உடுமலைப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு இது தெரியும். பட்டு நூற்பதற்கு எடுக்கும் கூட்டில் பூச்சியை வெளியே வர விடுவதில்லை. முட்டைக்காக வளர்க்கும் இடத்தில்தான் வர விடுவார்கள். வந்த பூச்சிக்குப் பறக்க வராது. சாப்பிடவும் முடியாது. சில நாள் வாழ்க்கை. பெண் ஓரிடத்தில் உட்கார்ந்து வயிற்று நுனியை நீட்டும். அந்த நொடியே ஆண் பூச்சி இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு வட்டமடிக்கும். பூட்டனான்டுக்கு இந்தப் படபடப்புதான் அளவுகோல். பெண் பூச்சிகளின் சுரப்பியைப் பிரித்துப் பிரித்து, கிடைத்த ஒவ்வொரு சாற்றையும் ஆண் முன்னால் காட்டினார். படபடத்தால் பொருள் இதில் இருக்கிறது. சும்மா இருந்தால் இதில் இல்லை.

ஏறத்தாழ 20 ஆண்டு வேலை. நடுவே உலகப் போர் ஒன்று வந்து போனது. ஐந்து லட்சம் பெண் பூச்சிகள். கடைசியில் கையில் கிடைத்தது சில மில்லிகிராம், ஒரு பருத்திக்கொட்டையின் எடைகூட இல்லை. 1959ல் அதன் அமைப்பை வெளியிட்டார். 16 கார்பன் கொண்ட ஒரு ஆல்கஹால். பட்டுப்பூச்சியின் அறிவியல் பெயரிலிருந்து அதற்கு பாம்பிகால் என்று பெயர் வைத்தார். ஒரு ஆண் பூச்சியின் ஒவ்வொரு உணர்கொம்பிலும் இதை முகர்வதற்கென்றே சுமார் 17,000 மயிர்கள் இருக்கின்றன என்று பின்னால் தெரிந்தது.

அதே 1959ல் கார்ல்சன், லூஷர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இந்த வகைப் பொருள்களுக்கெல்லாம் பொதுப் பெயர் வைத்தார்கள். ஃபெரோமோன். சுமந்து செல், தூண்டு என்ற பொருள் தரும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்தது. ஹார்மோன் ஒரு உடம்புக்குள்ளேயே சேதி சொல்லும். ஃபெரோமோன் ஒரு உடம்பிலிருந்து அதே இனத்தின் இன்னொரு உடம்புக்குச் சேதி சொல்லும். அவ்வளவுதான் வித்தியாசம்.

பெயர் கிடைத்ததும் எங்கே பார்த்தாலும் அது தென்பட ஆரம்பித்தது. சர்க்கரை டப்பாவை நோக்கி எறும்பு சாரை போகிறதே, முன்னால் போன எறும்பு தரையில் தடவிவிட்டுப் போன வாசனைக் கோடு அது. ஈரத்துணியால் ஒரு இடத்தில் துடைத்துப் பாருங்கள், பின்னால் வரும் எறும்புகள் தடுமாறும். தேனீ கொட்டும்போது வாழைப்பழ வாசனை மாதிரி ஒன்றை வெளியிட்டு மற்ற தேனீக்களைக் கூப்பிடும். காங்கேயம் காளை பசுவின் சிறுநீரை முகர்ந்துவிட்டு மேலுதட்டைச் சுருட்டி முகத்தை வானத்துக்குத் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். சிரிக்கிறது என்று நாம் கேலி பேசுவோம். மேலண்ணத்தில் உள்ள ஒரு தனி உறுப்புக்கு அந்தச் சேதியை அனுப்புகிறது.

1996ல் இன்னொரு ஆச்சரியம். ஆசிய யானையில், நம் ஆனைமலைக் காட்டில் திரிகிற அதே இனத்தில், இணை சேரத் தயாரான பெண்ணின் சிறுநீரில் இருக்கும் ஃபெரோமோனை ராஸ்முசென் குழுவினர் கண்டுபிடித்தார்கள். பார்த்தால், நூற்றுக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் பயன்படுத்தும் அதே பொருள். யானைக்கும் அந்துப்பூச்சிக்கும் ஒரே சொல். ஆனால் பூச்சிகள் அதை வேறு பொருள்களோடு குறிப்பிட்ட விகிதத்தில் கலந்து பேசுகின்றன. அதனால் குழப்பம் வருவதில்லை.

விகிதம் என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் காய்ப்புழுவுக்குத் திரும்பலாம்.

பட்டுப்பூச்சிக்குக் கண்டுபிடித்தாயிற்று, பருத்திப் பூச்சிக்கும் கண்டுபிடித்தால் அதையே தூண்டிலாக வைத்து ஆண் பூச்சியைப் பிடிக்கலாமே என்று உலகம் முழுக்க முயன்றார்கள். 1966ல் அமெரிக்க வேளாண்மைத் துறை விஞ்ஞானிகள் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் கவர்ச்சிப் பொருளைக் கண்டுபிடித்துவிட்டதாக வெளியிட்டார்கள். புகழ்பெற்ற சயன்ஸ் இதழிலேயே வந்தது. புரோபைலூர் என்று பெயர். செயற்கையாகச் செய்து காட்டில் வைத்தார்கள். பூச்சி வரவில்லை. ஏன் வரவில்லை என்று வருஷக்கணக்கில் விவாதம் நடந்தது. ஆண் பூச்சிக்குத் தெரிந்தது ஒன்றுதான், அது நம் பெண்ணின் வாசனை இல்லை.

1973ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் ஹம்மலும் அவரோடு வேலை செய்தவர்களும் சரியானதைக் கண்டுபிடித்தார்கள். ஒரே பொருள் இல்லை, இரண்டு. இரண்டிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே, வரிசையும் ஒன்றே. ஒரே ஒரு இடத்தில் வளைவு மட்டும் மாறியிருக்கும். நம் ஊர்க்காரர்களுக்கு எளிதில் புரியும்: அதே பஞ்சு, அதே கவுண்ட், ஆனால் ஒரு நூல் எஸ் முறுக்கு, இன்னொன்று இசட் முறுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஏறத்தாழ சரிபாதியாகக் கலந்தால்தான் ஆண் பூச்சி வரும். இந்தக் கலவைக்கு காசிப்ளூர் என்று பெயர் வைத்தார்கள். பருத்தியின் அறிவியல் பெயரிலிருந்து வந்த பெயர்.

அதன்பிறகு வேகமாக நடந்தது. 1978ல் அமெரிக்காவில் காசிப்ளூருக்கு அரசின் பதிவு கிடைத்தது. பூச்சிகளின் இணைசேர்தலைக் குலைப்பதற்கென்று அங்கே பதிவான முதல் ஃபெரோமோன் அதுதான். காடு முழுக்க அந்த வாசனையைப் பரப்பிவிட்டால் ஆணுக்கு எந்தப் பக்கம் பெண் இருக்கிறது என்று தெரியாது. கல்யாண மண்டபத்தில் நாலு மூலையிலும் ஒரே பெயரை மைக்கில் கூப்பிட்டால் யார் எங்கே போவது? இணை சேராத பெண்ணின் முட்டையிலிருந்து புழு வராது. யாரையும் கொல்லவில்லை. விஷமும் இல்லை.

இப்போது என் கதை.

1990களின் நடுப்பகுதி. எங்களுக்கு நாலு ஏக்கர் காடு. அப்பா ஆவணியில் பருத்தி போட்டு தையில் எடுப்பார். அந்தக் காலத்தில் பருத்திக்கு மருந்தடிப்பது எப்படி இருந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும். நாட்டின் சாகுபடி நிலத்தில் பருத்தி சுமார் 5 சதவீதம்தான், ஆனால் பூச்சிமருந்தில் பாதிக்கு அருகில் அதற்கே போகிறது என்று அப்போது கணக்கு சொல்வார்கள். அப்பா கைத்தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு, வாயில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு வாரம் ஒருமுறை இறங்குவார். சாயங்காலம் சோறு இறங்காது. தலையைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் படுத்திருப்பார்.

நான் ஒரு பயிற்சி வகுப்பில் இனக்கவர்ச்சிப் பொறியைப் பற்றிக் கேள்விப்பட்டேன். சொந்தக் காசில் நாலு பொறி வாங்கிவந்து காட்டில் கட்டினேன். மஞ்சள் புனல், கீழே பாலிதீன் பை. மேல் மூடிக்கடியில் சின்ன ரப்பர் மூடி மாதிரி ஒன்று, அதுதான் லூர். "இனிமே பூச்சி எத்தனை வருதுன்னு இது சொல்லும்ப்பா. கம்மியா இருந்தா மருந்தே வேண்டாம்" என்றேன். அப்பாவுக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் மகன் அறிவியல் வாத்தியார்.

தினமும் பள்ளிக்குப் போகும் முன் எண்ணி நோட்டில் எழுதினேன். இரண்டு, மூன்று, சில நாள் ஒன்றுமே இல்லை. மார்கழியில் அப்பா இரண்டு தடவை மருந்து வாங்கக் கிளம்பினார். இரண்டு தடவையும் நோட்டைக் காட்டி நிறுத்தினேன்.

தையில் காய் வெடித்தது. எடுக்க வந்த அம்மணிகள்தான் முதலில் சொன்னார்கள், "என்னங்க இது, சுளையே பிரியமாட்டேங்குது" என்று. பாதிக்கு மேல் கொட்டு. ஜின்னிங் பேக்டரியில் வேலை செய்த ஒரு பெரியவர் ஒரு காயை உடைத்துக் காட்டினார். உள்ளே ரோஜா நிறத்தில் புழு. நான் பொறியைப் பற்றிச் சொன்னேன். அவர் லூர் வந்த பாக்கெட்டை வாங்கிப் பேத்தியைப் படிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "வாத்தியாருங்க, இது பச்சக் காய்ப்புழுவுக்கு வெக்கறதுங்க. இந்தச் செவப்புப் புழு இதுக்கு எப்படிங்க வரும்?"

ஒவ்வொரு இனத்துக்கும் வாசனை வேறு என்பதை நான் வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! பாடமாகச் சொன்னேன், காட்டில் கட்டும்போது மறந்துவிட்டேன். பொறி பொய் சொல்லவில்லை. நான் ஒரு பூச்சியின் பாஷையில் கூப்பிட்டுவிட்டு இன்னொரு பூச்சி வரவில்லை என்று கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வருஷம் மக்காச்சோளம் போட்டார். அதன்பிறகு எங்கள் காட்டில் பருத்தி இல்லை. எங்கள் ஊரிலும் மெல்ல மெல்லக் குறைந்தது. எல்லாப் பழியும் புழுவின் மேல் இல்லை. கிணற்றுத் தண்ணீர் கீழே போனது. ஆள் கூலி ஏறியது. பனியன் கம்பெனி வேன் ஊருக்குள்ளேயே வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. இன்றைக்குத் தமிழ்நாட்டு மில்கள் நூற்கும் பஞ்சில் பெரும்பகுதி குஜராத், மகாராஷ்டிரா, தெலங்கானா என்று வெளியிலிருந்துதான் வருகிறது.

பிறகு 2002ல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. செடியே புழுவைக் கொல்லும். இனிப் பொறி எதற்கு, பூச்சியை எண்ணுவது எதற்கு என்று எல்லாரும் விட்டுவிட்டோம். பி.டி. செடியைச் சுற்றி சாதாரணப் பருத்தி சில வரிசை நட வேண்டும் என்று விதைப் பாக்கெட்டோடு தனியாக விதை கொடுத்தார்கள். விஷத்துக்குப் பழகாத பூச்சிகள் அங்கே பிழைத்து, பழகின பூச்சிகளோடு இணை சேர்ந்தால் எதிர்ப்புச் சக்தி சீக்கிரம் பரவாது. பெரும்பாலானோர் அந்த விதையை நடவில்லை. 2010ல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் வகை பி.டி.க்கு எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டது என்ற செய்தி வந்தது. சில வருஷங்களில் இரண்டு நச்சுப் புரதம் கொண்ட அடுத்த வகையையும் தாண்டிவிட்டது. முதன்முதலில் பெயர் பெற்ற அதே மாநிலத்தில் அது திரும்ப எழுந்து நின்றது.

அமெரிக்காவிலும் அதே புழு, அதே பி.டி. ஆனால் அவர்கள் பி.டி.யை மட்டும் நம்பவில்லை. காசிப்ளூர் பொறிகளை வைத்து இடைவிடாமல் எண்ணினார்கள். வாசனையைப் பரப்பி இணைசேர்தலைக் குலைத்தார்கள். மலடாக்கிய பூச்சிகளை விமானத்தில் கொண்டுபோய் விட்டார்கள். குறித்த தேதிக்குள் செடியை அழித்தார்கள், 1919ல் நம் ஜில்லாவில் சொன்ன அதே யோசனைதான். முக்கியமாக, எல்லா விவசாயியும் ஒரே நேரத்தில் செய்தார்கள். 2018 அக்டோபரில் தங்கள் நாட்டுப் பருத்தியிலிருந்து இந்தப் புழுவை ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள். டெக்சாஸுக்குள் நுழைந்து 101 வருஷம் கழித்து.

அவர்களுடைய காடு பெரியது, நம்முடையது துண்டு துண்டு என்பது உண்மைதான். ஆனால் துண்டு காடாக இருப்பதால்தான் நாம் பேசிவைத்துக்கொண்டு செய்ய வேண்டும். நான் மட்டும் பொறி வைத்து, பக்கத்துக் காட்டுக்காரர் பருத்திமாரை வைகாசி வரை விட்டுவைத்தால் பலன் இல்லை. பூச்சிக்கு வரப்பு தெரியாது.

பருத்தி போடும் நண்பர்களுக்குச் சுருக்கமாக: கண்காணிக்க ஏக்கருக்கு 2 பொறி போதும். பாக்கெட்டில் சொன்ன கெடுவுக்குள் லூரை மாற்றுங்கள். பழைய லூரில் வாசனை இருக்காது, வெறும் பொறியைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். ஒரு பொறியில் ஒரு இரவுக்கு சராசரியாக 8 பூச்சி வீதம் தொடர்ந்து 3 இரவு விழுந்தால் நடவடிக்கை எடுக்கும் நேரம். இணைசேர்தலைக் குலைக்கும் வாசனைக் கயிறும் இப்போது இந்தியாவுக்கு வந்திருக்கிறது, வேளாண் அலுவலரிடம் கேளுங்கள். எடுப்பு முடிந்ததும் செடியைப் பிடுங்கிவிடுங்கள்.

மூலனூரில் ஏலம் முடிந்து கிளம்பும்போது அந்தத் தம்பி சொன்னார், "அடுத்த வெள்ளாமைக்குப் பொறி வாங்கி வெச்சிருக்கேன் சார்." வண்டிப் பெட்டியைத் திறந்து ஒரு பாக்கெட்டை நீட்டினார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முதலில் பூச்சியின் பெயரைத்தான் படித்தேன். சரியாக இருந்தது. இருந்தாலும் இன்னொரு முறை படித்தேன்.

உங்கள் வீட்டில் பருத்தி போட்ட காலத்து ஞாபகங்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். பெரியவர்களிடம் கேட்டு எழுதினால் இன்னும் சந்தோஷம்.